மதிலுக்கு வெளியே ஒரு பெயர்

வால்கோம்ப் ஊரை மூழ்கடிக்கும் அணை எழும்பிவிட்டது. அடுத்த வசந்தத்தில் கோயில் மணிக்கூண்டு வரை தண்ணீர் நிற்கும் என்றார்கள். இருப்பவர்களுக்கு மேட்டில் வீடு, செத்தவர்களுக்கும் மேட்டில் இடம். ஆனால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இல்லாதவர்கள் மீனோடு கிடக்க வேண்டியதுதான்.

பட்டியல் போட்டவர் பள்ளிக்கூட வாத்தியார் பெர்ராஷோன். ஊர்ச் சபையின் எழுத்தரும் அவரே. சாக்குக் கிடைத்ததே என்று மனிதர் ஊரின் வரலாற்றையே எழுதித் தள்ளிவிட்டார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அறுநூற்று நாற்பது தலை. முதல் உலகப் போருக்கு முன் ஐநூற்றுப் பதினொன்று. இன்று நூற்று நாற்பத்து மூன்று. இடுகாட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு. சபைக் கூடத்தில் செத்தவர்கள் பெயரை ஒன்று விடாமல் வாசித்தார். கேட்டவர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

“விட்டுப்போன பேரு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. சாயங்காலம் பட்டியல் போயிடும்.”

லியோன்தீனும் அங்கே உட்கார்ந்திருந்தாள். அறுபது வயது அவளுக்கு. பக்கத்தில் கணவன் ஆன்செல்ம், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருந்தான். முதல் போரின் முதல் மாதமே பிடிபட்டு, நாலு வருடம் ஜெர்மன் சிறைமுகாமில் கிடந்தவன். அந்த நாலு வருடத்துக்குள்தான் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. மேய்ச்சல் மேட்டுக் குடிசையில் குளிர்காலம் முழுக்க ஒளிந்திருந்து பெற்றாள். கால் மணி நேரம்கூடத் தங்கவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றக்கூட நேரமில்லை. ஞானஸ்நானம் ஆகாததற்கு உள்ளே இடம் கிடையாது என்றார் பாதிரியார். அவளும் மருத்துவச்சியும் இடுகாட்டு மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். பாதிரியாரும் மருத்துவச்சியும் போய்ச்சேர்ந்து வெகுநாளாகிறது. வாயைத் திறந்தால் மானம் போகும், மூடிக்கொண்டால் பிள்ளை தண்ணீருக்கடியில்.

எழுந்துவிட்டாள்.

“இன்னும் ஒண்ணு இருக்கு, வாத்தியாரே. மதிலுக்கு வெளியே, வடக்கு மூலைல. என் பிள்ளை.”

“எந்த வருஷம்?”

“பதினேழு. பிப்ரவரி.”

கூடம் கணக்குப் போட்டது. இந்த மாதிரிக் கணக்குக்கு அந்த ஊரில் யாருக்கும் வாத்தியார் தேவையில்லை. பின்வரிசையிலிருந்து கசாப்புக்காரன் ஃபிர்மேன் வாயைத் திறந்தான்.

“ஆன்செல்ம் முகாம்லேர்ந்து தபால்லயே அனுப்பிட்டான் போல.”

நாலு பேர் சிரித்தார்கள், பாவிகள்.

வாத்தியாரின் காது சிவந்துபோனது. “அக்கா, உங்க குடும்பத்துக்கு மேட்டு இடுகாட்டுல நாலு இடம்தான். ஆன்செல்மோட அப்பா, அம்மா, அப்புறம் நாளைக்கு நீங்க ரெண்டு பேரு. அஞ்சாவதுக்கு எங்க போறது? அதுவும் குடும்பத் தலைவர் கையெழுத்து இல்லாம நான் எழுத முடியாது.”

ஆன்செல்ம் எழுந்து மேசையை நோக்கி நடந்தான். இத்தனை வருடத்தில் அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை அவன்.

“பேனாவைக் குடுங்க.”

“ஆன்செல்ம், ஒரு நிமிஷம் யோசிச்சு...”

“அந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு? எழுதுங்க.” கையெழுத்துப் போட்டான். பேனாவை மட்டும் கீழே வைக்கவில்லை. “நாலாவது இடத்துல அதை வைங்க. இவ பேரை அடிச்சிடுங்க. செத்த பிறகாவது என் பக்கத்துல இவ வேணாம்.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனான். கதவைச் சாத்தாமல் போனதால் குளிர் உள்ளே வந்தது.

“நான் அவர்கிட்ட அப்புறமா பேசிப் பாக்கறேன், அக்கா” என்றார் வாத்தியார்.

“அப்புறம்னா பட்டியல் போயிடும். அடிங்க.”

“உங்களுக்கு?”

“நான் இன்னும் சாகலையே. மொதல்ல பிள்ளையை அங்கேர்ந்து தூக்குங்க.”

வாத்தியார் அவள் பெயரின் மேல் கோடு கிழித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டைப் பதின்மூன்றாகத் திருத்தினார்.

“பிள்ளை பேரு?”

முப்பத்து நாலு வருடமாக அதை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் பெயர் இருந்தது.

“ரெமி” என்றாள். பிறர் காதுபட அவள் அதைச் சொன்னது அன்றுதான். பிறகு கணவன் எழுந்துபோன இடத்தில் உட்கார்ந்து அழுதாள்.