தட்டைப் பார்த்தவர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் நான். காலையில் பதினெட்டுப் பிள்ளைகளையும் ரோட்டில் குறுக்கே விழுகிறவர்களையும் சமாளித்துப் பாருங்கள், உங்களுக்கும் வரும். அப்பா எனக்கு வைத்த பெயர் ஹாரன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்த கோபம் வேறு. அது இன்னும் இறங்கவில்லை.

என் தங்கை, எங்கள் வீட்டுச் சின்னவள், ஆபீசில் கூட வேலை பார்க்கும் ஒருவனை விரும்பினாள். நல்லது. அவன் வீட்டில் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார்களாம். "ஹோட்டல் லைன்ல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆயிட்டார்" என்று சொல்லிவிட்டாள். கேட்டால், "பொய் இல்லக்கா, கொஞ்சம் தூக்கிச் சொன்னேன்" என்கிறாள். அப்பா முப்பத்தோரு வருஷம் அரண்மனை ஹோட்டலில் பரிமாறினவர். இவள் தூக்கின தூக்கில் அந்த முப்பத்தோரு வருஷமும் கீழே விழுந்துவிட்டது.

டைல்ஸ் கடை வைத்திருக்கும் சம்பந்தி, கல்யாணத் தேதி பேசுவதற்கு முன் இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார். ஊரில் எத்தனையோ ஹோட்டல் இருக்க, அவர் மேஜை பிடித்தது அதே அரண்மனையில். சின்னவள் போனில் அழுதாள். ஆனால் வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லவில்லை.

போகிற வழியில் வேனில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "நேத்தே ஒட்டகத்துக்கு போன் போட்டுட்டேன். என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதேன்னு சொல்லிட்டேன்."

பிரேக்கை மிதித்தேன். "ஏம்ப்பா? நீங்க என்ன திருடினீங்களா?"

"ரோட்டைப் பாரு, ஹாரன்."

ஒட்டகம் மாமா அப்பாவோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர், இன்னும் அங்கேதான் பரிமாறுகிறார். நெடுநெடுவென்று இருப்பார், கழுத்து முன்னால் நீண்டிருக்கும். சின்னவள் குழந்தையாக இருந்தபோது அவர் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தலைமுடியைப் பிடித்து ஓட்டுவாள். அந்த மனிதரைத்தான் இன்று தெரியாது என்று சொல்ல வேண்டும்.

அரண்மனையின் சாப்பாட்டு மண்டபத்துக்குள் நான் நுழைவது அதுதான் முதல் தடவை. கூரை எங்கேயோ மேலே இருந்தது. பளிங்குத் தரை, முகம் பார்க்கும் அளவுக்கு. மேஜை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அதை இஸ்திரி போட்டவளுக்கு முதுகு நிமிர்ந்திருக்காது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முப்பத்தோரு வருஷத்தில் அந்த மண்டபத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. பரிமாறுகிறவர்கள் உட்காரக் கூடாது. விருந்தாளிக்கு முதுகு காட்டக் கூடாது, வைத்துவிட்டு மூன்று அடி பின்னாலேயே நடக்க வேண்டும். சாப்பிடுகிறவரின் தட்டைப் பார்க்கவே கூடாது. தட்டு காலியாகிவிட்டதா என்பது கரண்டிச் சத்தத்திலேயே தெரிய வேண்டும். வீட்டில் நாங்கள் சாப்பிடும்போதுகூட அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்பார்.

எங்கள் மேஜைக்கு வந்தவர் ஒட்டகம் மாமாவேதான். "குட் ஆஃப்டர்நூன் சார்" என்று அப்பாவின் தலைக்கு மேலே எங்கோ பார்த்துச் சொன்னார். அப்பாவும் மெனு அட்டையைப் பார்த்தபடி தலையாட்டினார். சின்னவளின் தோள் இறங்கியது. எனக்கு அவளை அங்கேயே ஓர் அறை விடலாம் போலிருந்தது.

தைரியம் வந்துவிட்டதால் அவள் பேச ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் அம்மாவிடம் தன் வழக்கமான கதையை எடுத்தாள். "நான் ரெண்டாவது படிக்கறப்ப அப்பா ஒரு மாசம் வீட்லயே இருந்தார் ஆன்ட்டி. ஹோட்டலுக்கு வெள்ளையடிக்கறாங்கன்னு லீவு. தினம் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவார். அந்த மாசம்தான் எனக்கு சைக்கிள் கத்துக்கொடுத்தார். என் வாழ்க்கையிலேயே பெஸ்ட் மாசம் அதுதான்."

"மேனேஜருக்கெல்லாம் அவ்வளவு லீவு குடுப்பாங்களா!" என்றார் அந்த அம்மா. அப்பா தண்ணீர் குடித்தார்.

சம்பந்தி ஒட்டகம் மாமாவைக் கூப்பிட விரலைச் சொடுக்கினார். நாயைக் கூப்பிடுகிறவன்கூட ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அடுத்த நொடி அப்பா எழுந்து நின்றுவிட்டார். யோசித்து எழுந்ததில்லை. சொடுக்கினால் எழும் கால்கள் அவை. "சொல்லுங்..." என்று வாயில் பாதி வந்துவிட்டது. சின்னவள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"அப்பாவுக்கு முதுகு வலி. ரொம்ப நேரம் உட்கார முடியாது" என்றாள்.

"வயசாச்சு இல்ல?" என்று சிரித்தார் சம்பந்தி. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சத்தம் மாப்பிள்ளைக்குக் கேட்டிருக்கும். அவன் என்னைப் பார்த்துவிட்டு நாப்கினை இன்னொரு தடவை மடித்தான்.

ஒட்டகம் மாமா சூப்பு ஏந்தி வந்தார். சம்பந்தியின் இடது பக்கம் குனிந்து ஊற்றப் போனார். சம்பந்தி அப்போது ஏதோ ஒரு லாரிக்காரனை மிரட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "போடா வெளியேன்னேன்!" என்று கையை வீசினார். வீசின கை நேராகக் கிண்ணத்தில் போய் இடித்தது. பாதி சூப்பு ஒட்டகம் மாமாவின் கையில் கொட்டியது. நாலு துளி சம்பந்தியின் சட்டை முனையில் தெறித்தது.

கை சிவந்து போய் நின்றவர்தான், "மன்னிக்கணும் சார்" என்றார்.

"கண்ணு தெரியலையா? மேனேஜரைக் கூப்பிடு!"

மேனேஜர் கோட்டும் சூட்டுமாக ஓடி வந்தார். அப்பா ஓய்வு பெற்ற பிறகு வந்தவர், அவருக்கு அப்பாவைத் தெரியாது. ஒட்டகம் மாமாவின் கையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "கம்ப்ளைன்ட் எழுதறீங்களா சார்? எங்க பாரம்பரியம், ஆரம்பத்துல இருந்து ஒரே புத்தகம்" என்று தோல் அட்டை போட்ட தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார், ஏதோ விசேஷப் பலகாரம் வைப்பதைப் போல.

அந்தப் புத்தகத்தைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரே மேஜையிலிருந்து இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் புகார் நிற்கும். நின்றால் ஒரு மாதம் வேலை கிடையாது. மூன்றாவது புகாருக்கு ஒரேயடியாக வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒட்டகம் மாமாவின் பெயரில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். இது எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், சின்னவளுக்கும் நன்றாகத் தெரியும்.

சம்பந்தி எழுதினார், கையெழுத்துப் போட்டார், புத்தகத்தை அப்பாவிடம் தள்ளினார். "சம்பந்தி, நீங்களும் ஒண்ணு போடுங்க. மேனேஜரா இருந்தவர், இந்த மாதிரி ஆளுங்களை எங்க வைக்கணும்னு உங்களுக்குத் தெரியாததா?"

அப்பா பேனாவைத் தொடவில்லை.

"போட்டுடுங்கப்பா" என்றாள் சின்னவள், குரலே எழும்பாமல். "ப்ளீஸ்ப்பா."

ஒட்டகம் மாமா கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். அவரும் போடச் சொல்லித்தான் நின்றார், அது எனக்குத் தெரிந்தது. அதுதான் என்னைக் கொன்றது. நான் வாயைத் திறந்தேன். அப்பா என் கையை அழுத்தினார். "கொஞ்சம் இரு, ஹாரன்."

புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தார். நிதானமாக, தேதி பார்த்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, சம்பந்தியின் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதைப் படிங்க சார்."

சம்பந்தி கடைக்காரக் குரலில் உரக்கப் படித்தார். "'நாங்கள் சாப்பிடும்போது பரிமாறியவர் எங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அருவருப்பாக இருந்தது.' சரி, பரிமாறினவர் பேரு..." அங்கே நின்றுவிட்டார்.

"என் பேருதான்" என்றார் அப்பா. "நான் மேனேஜர் இல்ல சார். இந்த ஹால்ல முப்பத்தோரு வருஷம் பரிமாறினேன். எங்களுக்கு நாலு மணிக்கு மேலதான் சாப்பாடு. அன்னைக்குப் பசி. பார்த்தேன், அது நிஜம். அதனால இதுல கையெழுத்து போட்டவங்க மேல எனக்கு வருத்தம் கிடையாது. ஆனா இன்னைக்குக் கையை வீசினது நீங்க. இதுல நான் போட மாட்டேன்."

சம்பந்தியின் முகம் சுண்டிப்போனது. "ஏமாத்தி இருக்கீங்க எல்லாரும்" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அவர் எங்க ஏமாத்தினார்? அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே நிஜம்தானே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் கரண்டியை வைத்துவிட்டார்கள். வைக்கட்டும் என்று இருந்தது எனக்கு.

சின்னவள் எதையும் கவனிக்கவில்லை. புத்தகத்தை இழுத்து, அந்தப் பக்கத்தின் தேதியில் விரல் வைத்துக்கொண்டிருந்தாள். கீழே சிவப்பு மையில் 'ஒரு மாதம் நீக்கம்' என்று இருந்தது.

"வெள்ளையடிக்கறாங்கன்னு சொன்னீங்களேப்பா" என்றாள்.

"சொன்னேன்."

"சைக்கிள்..."

"வீட்ல சும்மாதானே இருந்தேன்" என்றார் அப்பா. "நல்லாத்தான் கத்துக்கிட்டே."

மாப்பிள்ளை அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். "அப்பா கோபத்துல இருக்கார். இப்ப நான் ஒண்ணும் பேச முடியாது. அப்புறம் பேசிக்கலாம்."

"அவர் கையை வீசினதை நீ பார்த்தியா, இல்லையா?" என்று கேட்டாள் சின்னவள்.

அவன் கதவைப் பார்த்தான். அவன் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு அங்கே நின்றிருந்தார்.

"நீ போ" என்றாள்.

அவன் போனான். நல்ல பையன்தான், ஆனால் போய்விட்டான். எனக்கு அவன்மேல் இருந்த கோபத்தைவிட, இத்தனைக்கும் காரணமான என் தங்கைமேல் கோபம் அதிகம். ஆனால் அந்தத் தேதியிலிருந்து அவள் இன்னும் விரலை எடுக்காததைப் பார்த்தபின் அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. ஒற்றைக் கையெழுத்தோடு கிடந்த புத்தகத்தை மேனேஜர் மூடி எடுத்துப் போனார். ஒரு கையெழுத்து செல்லாது.

ஆறு பேர் மேஜையில் நாங்கள் மூன்று பேர். எழுந்து போய்விடலாம் என்றேன். அப்பா முதல்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சாப்பிட்டுட்டுப் போலாம். ஒட்டகம், கைக்கு மருந்து போட்டுட்டு அடுத்ததைக் கொண்டு வா. அவசரம் இல்ல."

ஒட்டகம் மாமா கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். இடது பக்கமாக வந்து அப்பாவுக்குப் பரிமாறினார், எனக்குப் பரிமாறினார், சின்னவளுக்குப் பரிமாறினார். முகத்தைத் திருப்பாமல் மூன்று அடி பின்னால் நகர்ந்தார்.

சின்னவள் தட்டைத் தொடவில்லை. மண்டபம் முழுவதற்கும் கேட்கிற குரலில், "மாமா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவர் எங்கள் தட்டுகளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாலு மணிக்கு மேலதாம்மா."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை.