ஜெசிந்தாவுக்கு ஓடிய டைட்டில்

எங்கள் கரூரில் டைட்டில் ஓடாமல் யாரும் காதலைச் சொல்ல முடியாது. சொல்ல நினைப்பவர் எதிரே வந்து நின்றதும் சினிமா ஆரம்பத்தில் ஓடுவது போல இருவருக்கும் நடுவே காற்றில் எழுத்துகள் வரும். அவை ஓடி முடிந்த பிறகுதான் வாய் திறக்கும். அந்த எழுத்துகளை வடிவமைத்துக் கொடுப்பவன் நான்.

பெரிய கலைஞன் என்று நினைத்துவிட வேண்டாம். டைட்டில் எப்படியோ காதல் அப்படி, தொழில் ரகசியம் அவ்வளவுதான். லாரி ஷெட் பரமகுருவுக்கு அவசரத்தில் ரத்தம் சொட்டும் எழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மனைவி சாம்பார் ஊற்ற வந்தால்கூட மனிதர் இன்றும் அலறுகிறார். பல் டாக்டர் ஒருவருக்கு எழுத்தின் மேல் மழைத்துளி வைத்தேன். அவர் வீட்டு ஹாலில் ஒன்பது வருடமாகத் தூறல். "நல்லா வந்திருக்குங்க" என்று குடையை மடக்கிக்கொண்டே சொல்வார்.

இப்படி முந்நூறு பேரை வாழவைத்த மகானுக்கு முப்பத்தொன்பது வயதாகியும் சொந்தமாக ஒரு டைட்டில் இல்லை. ஜெசிந்தா தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் கவுண்டரில் இருக்கிறாள். நாலு வருடமாகத் தினமும் அவளிடம் ஒரு ஸ்டாம்ப் வாங்கினேன். கடிதம் எழுத ஆளில்லாததால் எனக்கே எழுதி அனுப்பிக்கொண்டேன். சிலவற்றுக்குப் பதில்கூடப் போடவில்லை.

போன வாரம் அவளுக்கு நாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை பதினொன்றே கால் பஸ். அதற்குள் சொல்லாவிட்டால் நான் உயிரோடு இருந்தும் பிரயோஜனமில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை.

மூன்று நாள் சோறு தண்ணியில்லாமல் உட்கார்ந்து செய்தேன். வெளிர் நீலப் பின்னணி. எழுத்துகள் உருண்டையாக, கொடியில் காயும் துணி போல லேசாக அசையும். பார்க்கிறவர்களுக்கு யார் மேலாவது பிரியம் வந்துவிடும், அந்தப் பதம். அதோடு விட்டிருக்கலாம். நன்றி கார்டு போடாமல் ஆரம்பித்தால் மரியாதையாக இருக்குமா? போஸ்ட் மாஸ்டருக்கு நன்றி, கவுண்டரைக் காட்டிய வாட்ச்மேனுக்கு நன்றி, நாகப்பட்டினம் பஸ் கண்டக்டருக்கு நன்றி. ஒருவரை விட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்களே என்று பயந்து அவள் தெரு நாய் வரைக்கும் போட்டேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் அவள் முன்னால் போய் நின்றேன். காற்று நீலமானது. அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். காத்திருந்த பயணிகளும் படித்தார்கள். நன்றி மட்டுமே கால் மணி நேரம் ஓடியது. தன் பெயர் வந்ததும் கண்டக்டர் விசிலை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

பிறகு நாயகி என்று அவள் பெயர் வந்தது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நாலு வருட ஸ்டாம்ப் வீண்போகவில்லை.

இன்னும் சில கார்டுகளோடு டைட்டில் முடிந்தது.

"உங்க பேரு வரவே இல்லையே?" என்றாள்.

நாயகன் என்று அவ்வளவு பெரிய எழுத்தில் என் பெயரைப் போடக் கூச்சமாக இருந்ததால் அந்தக் கார்டை எடுத்துவிட்டிருந்தேன்.

"கடைசியில 'மற்றும் பலர்'னு வந்துச்சுங்களே, அதுல நான் இருக்கேன்."

"பலர்னு போட்டாச்சுன்னா பலரும் சொல்லித்தானுங்க ஆகணும்" என்றார் கண்டக்டர். முறை அதுதான். ஜெசிந்தா பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

பலர் வந்தார்கள். வெள்ளரிப்பிஞ்சு விற்பவர் கூடையை இறக்கிவிட்டு வந்தார். ஒருவர் தன் கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு நின்றார். கண்டக்டர் வரிசையைச் சரிசெய்தார். ஒவ்வொருவராகக் காதலைச் சொல்ல, அவள் பொறுமையாகக் கேட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். நான் இருபத்தேழாவது ஆள்.

எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி, "சார், உங்க டைட்டிலைப் பார்த்ததும் நெஜமாவே அவங்களைப் புடிச்சுப்போச்சு" என்றார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். தொழிலில் இப்படிப் பாராட்டு கிடைப்பது அபூர்வம்.

வரிசை நகர்ந்து என் முறை வருகிற நேரத்தில் நாகப்பட்டினம் பஸ் டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நான் முன்னாடி போயிக்கட்டுங்களா? பஸ்ஸை எடுக்கணும்."

அவர் சொல்வதும் நியாயமாகப் பட்டது. ஒதுங்கி வழிவிட்டேன்.