கட்டைவிரல் கோடு

நகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் தங்கை. பார்லரில் பதினாறு வருஷம் என்றால் சும்மாவா? கவலையில் கடிக்கிற நகம், பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த நகம், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்பேர்ப்பட்டவள் சொந்த அக்காவின் கட்டைவிரலில் கோட்டை விட்டாள். இல்லை, அதுகூடச் சரியில்லை. தெரிந்தேதான் விட்டாள்.

மாசம் ஒருமுறை அக்கா பார்லருக்கு வருவாள். அத்தான் செத்துப்போய் மூன்று வருஷம் சிரிப்பையே மறந்திருந்தவள், அப்போதுதான் மறுபடி வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசத் தொடங்கியிருந்தாள். பழைய பாலிஷைத் துடைத்ததும் அவளேதான் முதலில் கேட்டாள்.

"என்னடி இது, கறுப்பா ஒரு கோடு?"

"எங்கயாவது கதவுல நசுக்கியிருப்ப. நகம் வளர வளர மேல ஏறிப் போயிடும்."

தொழில் தெரிந்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். அடிபட்ட கறை நகத்தோடு நகரும். ஒருநாள் வெட்டுகிற துண்டோடு விழுந்துவிடும். அடுத்த மாசம் பார்த்தாள், நகரவில்லை. அதற்கடுத்த மாசமும் அப்படியேதான் நின்றது, கொஞ்சம் அகலமாக. இது அடிபட்ட கறை இல்லை, டாக்டரிடம் காட்ட வேண்டியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அக்காவோ ஆபீஸில் மேலதிகாரியின் விக் கழன்று விழுந்த கதையைச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில் எப்படி மண்ணைப் போடுவது? அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று, பஞ்சை எடுத்த கையோடு கட்டைவிரலுக்கு அரக்குச் சிவப்பைப் பூசிவிட்டாள்.

"அந்தக் கோடு போச்சாடி?"

"போச்சு, போச்சு."

அடுத்த தடவைகள் ஏழெட்டு வந்து போயின. பாவி, ஒவ்வொரு தடவையும் அக்கா குனிந்து பார்ப்பதற்குள் பூசி மெழுகினாள். பத்தாம் மாசம் நகம் பிளந்து ரத்தம் கசிந்தது.

"புற்றுநோய்தான். விரலை எடுக்கணும்" என்றார் டாக்டர்.

அக்கா தங்கையைப் பார்த்தாள். "இனிமே ஒம்போது நகந்தான். உனக்கு வேலை மிச்சம்டி."

டாக்டர் சிரிக்கவில்லை. "முதல்ல எப்போ பாத்தீங்க? சரியாச் சொல்லுங்க. வேற எங்க பரவியிருக்கும்னு அதை வச்சும்தான் தேடணும்."

"போன வாரம்தான். முன்னாடி ஒரு கோடு இருந்துச்சு, அது சரியாயிடுச்சு. இவதான் பாத்துச் சொன்னா. இவளுக்குத் தெரியாத நகமா?"

தங்கை வாயை மூடிக்கொண்டால் காலத்துக்கும் அக்கா முகத்தில் விழிக்கலாம். அதற்கு அக்கா இருக்க வேண்டுமே!

"அது போகல, டாக்டர். பத்து மாசமா அங்கயேதான் இருக்கு. நான் பாத்தேன். நாந்தான் மறைச்சேன்."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நகமும் சதையுமாக இருந்தவர்கள் ஒரே ஆட்டோவில் ஆளுக்கொரு ஓரமாய் உட்கார்ந்து வீடு திரும்பினார்கள்.

ஆபரேஷன் அன்று காலை, மற்ற விரல்களில் இருக்கிற பாலிஷையும் எடுத்தாக வேண்டும் என்றாள் நர்ஸ். தங்கை பையிலிருந்து ரிமூவரையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனாள். அக்கா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீ வேணாம். நர்ஸே எடுக்கட்டும்."

நர்ஸுக்குப் பழக்கமில்லை. குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்ததில் சிவப்பு விரலெல்லாம் ஈஷிக்கொண்டது. பஞ்சை நகத்தின் மேல் கொஞ்ச நேரம் அழுத்தி வைத்திருந்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். அதைச் சொல்ல வாயெடுத்த தங்கை, அக்கா சுவர்ப் பக்கம் திரும்பியதைப் பார்த்ததும் வெளியே போய் நின்றாள்.