பிளாஞ்சின் ஏற்புரை

1988ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, கடற்கரை இரசாயன ஆலையின் நீராவிக் குழாயில் இருந்த பழைய பிளாஞ்சுக்கு மீண்டும் பணி நீட்டிப்பு வழங்கினார்கள். வழங்கியதோடு நில்லாமல், அதனைப் பேசவும் சொன்னார்கள். இது முறையன்று.

குழாயும் குழாயும் சந்திக்கும் இடத்தில், முகத்தோடு முகம் வைத்துப் போல்ட்டுகளால் முடுக்கப்படும் வட்ட இரும்பு விளிம்பே பிளாஞ்சு. அது கெட்டால் மாற்ற வேண்டும். எப்போது மாற்ற வேண்டும் என்பதைச் சொல்வதற்கென்றே அந்த ஆலையில் குற்றாலிங்கம் என்னும் அதிகாரி சம்பளம் வாங்கினார். அவரும் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார்.

முகத்தில் குழி விழுந்துவிட்டது என்றார். போல்ட்டுத் துளைகள் வட்டம் மாறி முட்டை வடிவாகிவிட்டன என்றார். இடையில் வைக்கும் பேக்கிங்கை எத்தனை முறை புதிதாக வைத்தாலும் ஒரு வாரத்தில் மறுபடி கசிகிறது. ஆகவே குற்றம் பேக்கிங்கில் இல்லை, பிளாஞ்சில்தான் என்றார்.

மேலாளர் ஞானசிகாமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முகத்துல குழி விழுந்தா வேலைய விட்டு எடுத்துரணுமோ? உம்ம கன்னத்துல கிடக்கே, அது என்ன வே, பல்லாங்குழியா?"

"அது சின்ன வயசுல அம்மை போட்டது சார்."

"அதுக்கும் என்ன போட்டுச்சோ, நீரு கேட்டீரா?"

குற்றாலிங்கம் கேட்டதில்லை. அந்தக் குறை அவருக்குச் சில நாள் உறுத்தியது.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. மூப்படைந்து பணி ஓய்வு பெறுபவருக்கு மே மாதக் கடைசி நாளில் விழா எடுப்பார்கள். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, வாழ்த்துரை வழங்குவார்கள். அவர் ஏற்புரை ஆற்றி முடித்த பிறகே அவரது இடத்துக்கு இன்னொருவர் வரலாம். பிளாஞ்சுக்கும் ஆண்டுதோறும் விழா நடந்தது. ஆண்டுதோறும் வாழ்த்துரையின் நடுவே மேலாளர் கண் கலங்கி, நீட்டிப்பை அறிவித்துவிடுவார். பொன்னாடைகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. கசியும் இடம் வெளியே தெரியவில்லை. தெரியாததால், கசிவு நின்றுவிட்டதாகக் கருதப்பட்டது.

பிளாஞ்சு விழா மண்டபத்துக்கு வர இயலாது. ஆகையால் மண்டபம் பிளாஞ்சிடம் வந்தது. குழாயின் அடியில் மேடை அமைந்தது. மேடையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியில் ஆலையின் சுருக்கெழுத்தாளர் ஆவுடையம்மாள் அமர்ந்திருந்தார். ஏற்புரையைச் சொல் விடாமல் எழுதுவது அவரது பணி. பிளாஞ்சு அவரது உச்சந்தலைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. ஆவுடையம்மாள் குற்றாலிங்கத்தின் மனைவி.

"நீட்டிப்பு குடுத்தாச்சு. இந்த வருஷமாவது அவரு ரெண்டு வார்த்தை பேசணும்" என்று மேலாளர் கேட்டுக்கொண்டார்.

பொன்னாடைகளுக்குள்ளிருந்து மெல்லிய சீறல் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடக்கமான பேச்சு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

குற்றாலிங்கம் குனிந்தபடி மேடையேறி, மேசையருகே குந்தினார்.

"ஆவுடை, எந்தி. இது பேச்சு இல்ல. ஸ்டீம் விடுது."

"குறுக்க பேசாதீய. ஒரு வரி விட்டுப்போச்சு பாருங்க."

"தலைக்கு மேல ஆவி வருதுங்கேன்!"

"வரட்டும். ரெண்டு நாளா மூக்கடைப்பு. ஆவி பிடிச்ச மாதிரி இருக்கு."

"அப்படி என்னத்த எழுதுதே?"

"நன்றி சொல்லுது. மேலாளருக்கு நன்றி. பேக்கிங்குக்கு நன்றி. இப்ப போல்ட்டுகளுக்குச் சொல்லுது. உங்க பேரு இன்னும் வரல."

பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து அவையைப் பார்த்துக் கைகூப்புவது விழாக்களின் மரபு. முதல் போல்ட்டு மரபை மீறவில்லை. அது கூச்சத்துடன் தன் துளையிலிருந்து சுழன்று வெளியே வந்தது, வணங்கியது, கீழே இறங்கி முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் அமர்ந்தது. கைதட்டல் எழுந்தது. சீறல் பெரிதாயிற்று. இரண்டாம் போல்ட்டின் பெயர் சொல்லப்பட்டது.

எல்லாப் போல்ட்டுகளும் இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதைக் குற்றாலிங்கம் அறிவார். வால்வை மூடுவதற்காக ஓடினார். வால்வு இருந்த இடம் வெற்றிடமாக இருந்தது. வால்வு விழாவுக்கு வந்திருந்தது. மூன்றாம் வரிசையில், கைச்சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"தயவுசெஞ்சு மூடிக்க" என்றார்.

"பேச்சு நடக்கும்போது எப்படி அண்ணாச்சி? முடியட்டும்" என்றது வால்வு.

ஃபிட்டர் மாசானத்தைத் தேடினார். மாசானம் ஸ்பேனரைக் காலடியில் போட்டுவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

"மாசானம், ஸ்பேனர எடுடே!"

"தட்டிக்கிட்டு இருக்கேன்லா? நடுவுல நிப்பாட்டினா மரியாதையா இருக்காது அண்ணாச்சி."

கடைசி வரிசையில் புதிய பிளாஞ்சு இருந்தது. இந்த இடத்துக்கென்று வாங்கப்பட்டு, பார்வையாளர் அறையில் பல ஆண்டுகளாகக் காத்திருப்பது. உப்புக்காற்றில் அதன் விளிம்பெல்லாம் சிவந்திருந்தது.

"வா, இப்பவே உன்ன மாட்டிருதேன்."

"காத்திருந்ததுலயே எனக்கு வயசாயிட்டு சார். முதல்ல எனக்கு ஒரு விழா எடுங்க. பொறவு வேலையப் பத்திப் பேசுவோம்."

இதற்குள் பிளாஞ்சில் இரண்டே போல்ட்டுகள் எஞ்சின. அவை எதிரெதிரே இருந்தன. குற்றாலிங்கம் ஸ்பேனரைப் பொறுக்கிக்கொண்டு மேசைமேல் ஏறினார். பொன்னாடைகளை அள்ளி எறிந்தார். அவையில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு போல்ட்டை இறுக்கினார். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் எதிர்ப்பக்கம் வாய் திறக்கும். திறந்தது. எதிர்ப்பக்கத்தின் நேர் கீழேதான் ஆவுடையம்மாளின் வகிடு இருந்தது. குற்றாலிங்கம் இறுக்குவதை நிறுத்தினார். ஒரு கையால் இந்தப் பக்கத்தையும் மறு கையால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தார். உள்ளங்கை வெந்தது. திறந்த வாய் சற்றே மூடியது.

"ஆவுடை, எந்திரிச்சுப் போயிரு. கெஞ்சிக் கேக்கேன்."

"பேச்சு முடியாம நான் எந்திரிச்சா என் வேலை என்னத்துக்கு ஆகும்?" என்றவர், பென்சிலை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் ஈரத்தில் மின்னியது. அதில் உண்மையான பெருமை தெரிந்தது. "ஏங்க, உங்க பேரு வந்துட்டு!"

அவை முழுவதும் குற்றாலிங்கத்தின் பக்கம் திரும்பியது. கைதட்டல் நின்றது. எல்லோரும் அவர் கைகூப்புவதற்காகக் காத்திருந்தார்கள்.

அவர் கைகூப்பவில்லை.

"கும்பிடும் வே" என்றார் மேலாளர், பல்லைக் கடித்துக்கொண்டு. "மேடையில பேரு சொல்லியாச்சு. பேசிக்கிட்டிருக்க பெரியவரு எதிர்பார்த்துக்கிட்டு இருக்காருலா?"

"கும்பிடுங்க, எல்லாரும் பாக்காங்க" என்றார் ஆவுடையம்மாள், வெட்கத்துடன்.

நாற்பது ஆண்டுகளாக எந்த வணக்கத்தையும் திருப்பிச் செலுத்தாமல் இருந்தவரல்லர் குற்றாலிங்கம். அவருடைய கைகள் அவரைக் கேளாமலே ஒன்றையொன்று நோக்கி நகரத் தொடங்கின. இடக்கையின் சுண்டுவிரல் ஏற்கெனவே விளிம்பை விட்டுவிட்டது.

வாசகரே, இதுவரை நீங்கள் கை தட்டவில்லை. உங்கள் இரண்டு கைகளும் சும்மா இருக்கின்றன. எழுந்து வாருங்கள். இடப்பக்கப் படி வழுக்கும், வலப்பக்கமாக ஏறுங்கள். அந்த அம்மையாரை நாற்காலியோடு தூக்கி அப்பால் வையுங்கள். அவர் எழுதிக்கொண்டே இருக்கட்டும். பிறகு குற்றாலிங்கத்துக்கு எதிரே நின்று, எதிர்ப்பக்கத்துப் போல்ட்டைப் பிடியுங்கள். உங்கள் பெயரை மட்டும் எவரிடமும் சொல்லாதீர்கள்.