கேலனுக்கு இருபத்துமூன்று

வெர்லின் ஊன்ருவின் கைபேசியில் பேரக்குழந்தைகளின் படங்கள் நான்கு இருந்தன. அவருடைய பிக்கப் வண்டியின் மைலேஜைக் காட்டும் படங்கள் பதினொன்று. பதினொன்றிலும் ஒரே எண்தான்: 23.1.

கேன்சஸின் கார்விக் தானியக் கூட்டுறவுச் சங்கத்தில் காலை ஆறு மணிக்குக் காபி குடிக்க உட்காரும் அத்தனை பேரும் அதைப் பார்த்திருந்தார்கள். சிலர் இரண்டு தடவை. ஆறு பேர் தாராளமாக உட்காரக்கூடிய, ஏறுவதற்குப் படி வைத்த அந்த மலை கேலனுக்கு இருபத்துமூன்று மைல் கொடுக்கிறது என்றால் சும்மாவா?

சும்மாதான். இரண்டு வருடத்துக்கு முன் ஏப்ரலில் ஒருநாள், கொலராடோவிலிருக்கும் லைமனிலிருந்து வீடு திரும்பும்போது எடுத்தவை அவை. வழி முழுக்கக் கிழக்கே சரிவு. முதுகில் மணிக்கு நாற்பது மைல் காற்று. லைமனைத் தாண்டியதும் மீட்டரைப் பூஜ்யமாக்கியிருந்தார். அன்றைய காற்றில் லைமனின் குப்பைத்தொட்டிகள்கூட ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் கேன்சஸுக்கு வந்து சேர்ந்திருக்கும். அதற்குப் பிறகு வெர்லின் அந்த மீட்டர் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. பார்த்தால்தானே பிரச்சினை.

படம் படமாகவே இருந்திருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஒரு இடம் காலியாயிற்று. வெர்லினுக்கு நாற்காலி என்றால் கொள்ளை ஆசை. ஏற்கெனவே இரண்டு தடவை நின்று தோற்றவர். மூன்றாவதும் தோற்றால் காபி மேசையில் முகம் காட்ட முடியாது. இந்த முறை அட்டை அச்சடித்தார். மேலே அவர் முகம், கீழே 23.1. ‘சிக்கனம் என் சக்கரத்திலேயே இருக்கிறது.’

எதிரே நின்றவர் கஸ் ஷ்ராக். பக்கத்துப் பண்ணைக்காரர், பள்ளிக்கூடச் சிநேகிதர். ஒடுங்கிப்போன பழைய பிக்கப் வைத்திருப்பவர். கஸ் அட்டையைப் பார்த்தார். காபியை ஒரு வாய் உறிஞ்சினார்.

“யோவ் வெர்லின், படத்துல ஓடற வண்டிய எத்தன நாளைக்குய்யா பாக்கறது? வாசல்ல இருக்கற பெட்ரோல் பம்ப்புல காட்டு.”

“எப்ப வேணா காட்டறேன்!”

“சனிக்கிழம. காலைல இதே பம்ப்புல கழுத்து வரைக்கும் ஊத்து. லைமன் போயிட்டு வா. திரும்பி இதே பம்ப்புல கழுத்து வரைக்கும் ஊத்து. சாயங்காலம் தேர்தல் கூட்டத்துல நம்பரச் சொல்லு.”

“யாரு சாட்சி?”

“லவோன் போகட்டும். உன் பொண்டாட்டி பொய் சொல்ல மாட்டா. இருபது வருஷமா சர்ச்சுல என் பாட்டப் பத்தி உண்மைய மட்டும்தான சொல்லிட்டிருக்கா!”

மேசை குலுங்கச் சிரித்தது. வெர்லினும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

வெள்ளிக்கிழமை முழுக்க வண்டியிலிருந்து சாமான்களை இறக்கினார். கருவிப்பெட்டி, மண்வெட்டி, சங்கிலி, ஸ்டெப்னி, ஒரு குடை. சனிக்கிழமை காலை லவோனின் கைப்பையையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“அதுல என்ன இவ்ளோ?”

“உன் பிரஷர் மாத்திர. இறக்கிடட்டுமா?”

ஜூலை வெயில். ஏசி போடவில்லை. எழுபத்தைந்தில் போக வேண்டிய நெடுஞ்சாலையில் ஐம்பத்தைந்தில் போனார். டிரெய்லர் லாரிகள் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போயின. தையல் மெஷின் அளவுக் கார் ஒன்றில் ஒரு கிழவி அவர்களைத் தாண்டும்போது அனுதாபமாகக் கையாட்டினாள். மேற்கிலிருந்து காற்று மூஞ்சியில் அறைந்தது. லைமன் வந்தபோது மீட்டர் 13.9 காட்டியது.

“ஒண்ணும் பயமில்ல. போறப்ப எதிர்க்காத்துன்னா வர்றப்ப பின்காத்து. கணக்கு நேராயிடும்,” என்றார் வெர்லின், யாரும் கேட்காமலே.

லவோனின் தங்கை ஆர்லீன் சாப்பாடு போட்டாள். பிறகு ஒரு பெரிய சாய்வு சோபாவைக் காட்டி, “அக்கா, இத எடுத்துட்டுப் போயேன்,” என்றாள்.

“இன்னிக்கு வேணாம்,” என்றார் வெர்லின் அவசரமாக.

லவோன் அவரைப் பார்த்தாள். வண்டியின் பின்னால் திறந்து கிடந்த, எட்டுப் பன்றி படுக்கக்கூடிய காலி இடத்தைப் பார்த்தாள். “அப்ப இது எதுக்கு இருக்கு? குருவி கூடு கட்டவா?”

சோபா ஏறியது. ஏற்றிக் கயிறு கட்டி முடிப்பதற்குள் வடக்கே கருமேகம் திரண்டது, காற்று நின்றது, அப்புறம் திரும்பியது. கிழக்கிலிருந்து அடித்தது. போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று. அந்தச் சமவெளிக்காரர்களுக்குக் கடவுள் வைத்திருக்கும் ஒரே நகைச்சுவை அதுதான்.

வெர்லின் மாடு ஏற்றிப் போகும் லாரி ஒன்றைக் கண்டுபிடித்து, காற்று படாமல் அதன் வாலோடு ஒட்டிக்கொண்டார். ஜன்னல்கள் திறந்திருந்தன.

பத்து மைல் வரை லவோன் பொறுத்தாள். “இந்த நாத்தத்துக்குக் கேலனுக்கு எவ்ளோ மிச்சம்?”

“ஒரு... அர மைல் இருக்கும்.”

“கண்ணாடிய ஏத்து. ஏசியப் போடு.”

போட்டார்.

சங்கத்து வாசலில் பம்ப் அருகே கஸ் காத்திருந்தார். உள்ளே கூடத்திலிருந்து புகையில் வாட்டிய மாட்டிறைச்சி மணம் வந்தது. “நீ ஊத்து, நான் வரிசைல நிக்கறேன். இல்லேன்னா எலும்புதான் கிடைக்கும்,” என்று போய்விட்டார். ஓடிய தூரம் இருநூற்று ஆறு மைல். வெர்லின் குழாயைச் செருகி அழுத்தினார்.

டக்.

9.1 கேலனில் நின்றது. அந்தப் பம்பின் குணம் அப்படி. கொஞ்சம் நுரை கண்டால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். ஆனால் வெர்லினின் மண்டைக்குள் இருநூற்றாறு ஒன்பது புள்ளி ஒன்றால் வகுபட்டுக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு புள்ளி ஆறு! படத்துக்கும் பம்புக்கும் முதல்முறையாகச் சொந்தம் வந்திருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை.

ஜன்னலில் லவோனின் முகம் மட்டும் இருந்தது. “நெறஞ்சிடுச்சா?”

“டக்குனு நின்னுடுச்சு.”

“டக்க நானும் கேட்டேன். நெறஞ்சிடுச்சான்னு கேக்கறேன்.”

வெர்லின் பம்பின் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்தார்.

“நீ சொல்றத அப்படியே உள்ள போய்ச் சொல்லிடறேன்,” என்றாள் லவோன். “நான் எங்க எட்டிப் பாக்கப் போறேன்.”

அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் சமாளித்திருப்பார். கூடத்தின் கதவைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார், யாரையோ மனசுக்குள் திட்டினார். மறுபடி அழுத்தினார். கழுத்துவரை வந்தபோது பம்ப் 15.1 காட்டியது.

இருநூறு பேர் முன்னால் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, “பதிமூணு புள்ளி ஆறு,” என்றார். “அந்தப் படம் காத்தோட புண்ணியம்.”

பின்வரிசையில் ஒரு குரல், “எனக்குப் பன்னெண்டு,” என்றது.

“பதினொண்ணு. டிரெய்லர் இல்லாமலே,” என்றது இன்னொன்று.

“பத்தொம்போதுன்னு சொன்னீங்களே!” என்று ஒரு மனைவி எழுந்தாள். அவ்வளவுதான். ஒவ்வொருவராக உண்மையைக் கக்க, கூடமே சிரிப்பில் புரண்டது. இத்தனை பாவமன்னிப்பை அந்த ஊர்ப் பாதிரியார் முப்பது வருடத்தில் கேட்டிருக்க மாட்டார்.

ஏழு ஓட்டு வித்தியாசத்தில் வெர்லின் ஜெயித்தார்.

திங்கட்கிழமை காலை காபி மேசையில் கஸ் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். “எது எப்படியோ, என் பழசு பதினாலு புள்ளி ரெண்டு கொடுக்குது. உன்னுதவிட அதிகம்.” கைபேசியை எடுத்தார். “படம் இருக்கு, பாக்கறியா?”

மேசையிலிருந்த எட்டுப் பேரும் பம்ப் பக்கம் கையைக் காட்டினார்கள்.

சனிக்கிழமை கஸ் தன் ஸ்டெப்னியை இறக்கிக்கொண்டிருந்தார். குழு உறுப்பினர் வெர்லின் ஊன்ரு, கையில் காபியோடு, பக்கத்தில் நின்று காற்று எந்தப் பக்கம் என்று விரலை நனைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்டிய்யா இருக்கு?” என்றார் கஸ்.

“பிரமாதமா இருக்கு,” என்றார் வெர்லின். “போறப்ப எதிர்க்காத்து. வர்றப்ப பாத்துக்கலாம். ஆர்லீன்கிட்ட ஒரு மேசை இருக்காம், மறக்காம ஏத்திட்டு வா.”