ஆளுயரத்தில் ஒரு கடலைக்காடு

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே மாசாணியம்மாளின் அரை ஏக்கர் கடலைக்காடு, ஆவணி இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்குத் தரையைவிட்டு எழும்பி, விரித்த பாய் போல ஆளுயரத்தில் நின்றது. அன்று காற்றுகூடப் பெரிதாக இல்லை. வேரையெல்லாம் புழு தின்றுவிட்டால் காடு எதைப் பிடித்துக்கொண்டு கீழே கிடக்கும்?

முப்பது வருஷம் அடுத்தவர் காட்டில் குனிந்து களை வெட்டியவள் மாசாணியம்மாள். இது அவள் பேருக்கு வந்த முதல் நிலம், முதல் வெள்ளாமை. பக்கத்துக் காட்டுப் பக்கம் நகர்ந்தால் அந்தக் காட்டுக்காரன் திருப்பித் தருவானா? நாலு மூலையையும் கயிறு போட்டு முளைக்குச்சியில் கட்டினாள். புருஷன் காளிச்சாமி கட்டிலில் உட்கார்ந்தபடி அம்மன் குத்தம் என்றான். குத்தம் அவனுடையது. சித்திரை மழைக்கு மண்ணிலிருந்து கிளம்பிய பழுப்பு வண்டுகள் கோயில் வேம்பை மொட்டையடித்தபோது, மரத்தை உலுக்கி வண்டைப் பொறுக்கலாம் என்றாள் அவள். அம்மன் மரத்தில் கைவைப்பதா என்று தடுத்துவிட்டு, வண்டுக்கெல்லாம் மூலம் இதுதான் என்று எருக்குழியில் மருந்தடித்து அங்கே கிடந்த புழுக்களைக் கொன்று மீசையை முறுக்கினான். வேப்பிலை தின்ற வண்டுகள் சாவகாசமாக வந்து கடலைக்காட்டில் முட்டையிட்டன.

விவசாய ஆபீஸிலிருந்து ஜெரோம் வந்தார். காடு ஏன் அந்தரத்தில் நிற்கிறது என்று கேட்கவில்லை. அடியில் நுழைந்து, தலைக்கு மேலே தொங்கிய வெள்ளைப் புழுக்களின் பின்புறத்தை லென்ஸ் வைத்து அரை மணி நேரம் பார்த்தார்.

"ஏனுங்க சார், மூஞ்சியப் பாக்கமாட்டீங்களா?" என்றான் காளிச்சாமி.

"மூஞ்சி எல்லாத்துக்கும் ஒண்ணாட்டத்தானுங்க இருக்கும். பின்னாடி இருக்கற முடி வரிசையிலதான் இனம் தெரியும். இது வேர் திங்கறது. எருக்குழில நீங்க கொன்னது மல்லாந்து நகர்றதுங்களா?"

"ஆமாங்க."

"அது மக்குனதத் தின்னுட்டுச் சும்மா கெடக்கறதுங்க. பாவம்."

காளிச்சாமி மீசையிலிருந்து கையை எடுத்தான். பிடிமானம் இல்லாத புழுக்கள் பொத்துப் பொத்தென்று உதிர, ஊர்க்கோழிகள் மூன்று நாள் வீட்டுக்குப் போகவில்லை. நாலாம் நாள் புது வேர் தொங்கியது. மாசாணியம்மாள் ஏணி போட்டுத் தண்ணீர் விட்டாள்.

ஐப்பசியில் கடலை தலைக்கு மேலே கொத்துக்கொத்தாகத் தொங்கியது. அவள் நின்றபடியே பறித்தாள். ஜெரோம் வந்து, காட்டை இறக்க ஏதாவது வழி பார்க்கட்டுமா என்றார்.

"இருக்கட்டும் உடுங்க சார்," என்றாள். "முப்பது வருசம் நான் குனிஞ்சனுங்க."