எடுத்துக்காட்டு எழுதாத அட்டை

நான் வேலை பார்த்த ஆங்கில–தமிழ் அகராதி அலுவலகத்தில் ஒரு விதி. எடுத்துக்காட்டு வாக்கியத்தை நாமாக இட்டுக்கட்டக் கூடாது. யாராவது வாய்விட்டுச் சொன்னதாக இருக்க வேண்டும். எனக்குப் பெரும்பாலும் என் கணவர் வாய்தான். அணையடியில் மூழ்கி மதகுகளைப் பழுதுபார்ப்பவர்.

அன்று என் அட்டையில் ‘ரிட்ரீவ்’. பொருள்: தொலைந்ததைத் தேடி மீட்டுவருதல். தோற்றம்: பழைய பிரெஞ்சில் ‘மறுபடி கண்டுபிடி’, வேட்டையில் மறைந்த பறவையை நாய் மறுபடி தேடிப்பிடிப்பதற்கே முதலில் வழங்கியது. பயன்பாடு மட்டும் காலி. மதியச் சாப்பாட்டோடு அட்டையையும் அணைக்கு எடுத்துப்போனேன்.

“அப்போ நான் வேட்டை நாய்ங்கிறே,” என்றார், ரப்பர் உடையை இழுத்துவிட்டபடி.

“நாயாவது சொன்ன பேச்சைக் கேக்கும். ஒரு வாக்கியம் சொல்லுங்க.”

“காலையில மதகுகிட்ட ஸ்பேனரை விட்டுட்டேன். எடுத்துட்டு வந்து சொல்றேன், சூடா இருக்கும்.”

“இப்பவே சொன்னா முத்து உதிர்ந்துடுமா?”

கயிறு பிடிக்கும் கூட்டாளி சிரித்தார். “அண்ணி, முதல்ல ஆளை விடுங்க.”

விட்டேன்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டாளி கயிற்றைச் சுண்டுவார். கீழிருந்தும் ஒருமுறை சுண்டினால் ஆள் நலம். ஆறு முறை பதில் வந்தது. ஏழாவது முறை வரவில்லை. மறுபடி சுண்டினார். என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

“மதகு மூடித்தானே இருக்கு?” என்று மேலே பார்த்துக் கத்தினார். அணைமேல் மதகை இயக்குபவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீரின் மேல் ஒரு சருகு மெல்லச் சுழலத் தொடங்கியது.

“மூடுங்கடா!” என்று அலறியவர் கயிற்றை என் கையில் திணித்தார். “அண்ணி, விட்டுடாதீங்க.” இன்னொரு காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டு குதித்தார்.

கயிறு கனத்தது. நான் சுண்டினேன். பதிலில்லை. மூச்சுவிடவும் பயம், விட்டால் கீழிருந்து வருவதைத் தவறவிட்டுவிடுவேனோ என்று. பிறகு கீழிருந்து கயிறு ஒருமுறை சுண்டியது. “இருக்கார்!” என்று கத்தினேன்.

சுண்டியது கூட்டாளி.

மேலே வந்தவர் என்னைப் பார்க்காமல், “எடுத்துட்டேன் அண்ணி,” என்றார். கரையில் கிடத்திய என் கணவரின் உடலில் ஒரு கை மட்டும் மூடியிருந்தது. விரல்களைப் பிரித்தபோது உள்ளே ஸ்பேனர்.

மூன்று மாதம் கழித்துத் தலைமைப் பதிப்பாளர் என் மேசைக்கு வந்தார். “அந்த ஒரு அட்டைதாம்மா பாக்கி. யாரும் ஒரு வாக்கியம் சொல்லலையா?”

“சொன்னாங்க சார். எழுதத்தான் முடியல.”

அவர் அட்டையை அப்படியே வாங்கிக்கொண்டார். அச்சான அகராதியில் எடுத்துக்காட்டு இல்லாத சொல் அது ஒன்றுதான்.